ஒரு கம்பி போதும்... ராக் கிட்டாரில் பெரிய ஆளை உருவாக்குவது எது?

டிசம்பர் பிறந்துவிட்டால் இரணியல், நெய்யூர், திங்கள்நகர் பக்கத்துத் தெருக்களில் ராத்திரி பத்து மணிக்கும் பாட்டுச் சத்தம் ஓயாது. சர்ச்சிலிருந்து கேரல் குழு கிளம்பிவிடும். முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா, பின்னால் டிரம், நடுவே தோளில் வார் போட்டுக் கிட்டாரைத் தொங்கவிட்ட ஒரு பையன். வாசலில் நின்று பார்க்கிற சின்னப் பிள்ளைகளுக்கு, தாத்தா தருகிற மிட்டாயை வாங்கி முடித்ததும் கண் போகிற அடுத்த இடம் அந்தக் கிட்டார்தான். அன்றைக்கு ராத்திரியே வீட்டில் மனு தாக்கல் ஆகிவிடும்.

"எம்மா, எனக்கொரு கிட்டார் வேணும்."

"இப்பம் எதுக்கு மக்கா அது? அரைப் பரீட்சை முடியட்டு, பாப்பம்."

பரீட்சை முடியும். எப்படியோ கிட்டாரும் வந்துவிடும். குமரி மாவட்டத்தில் கிட்டார் ஒன்றும் அந்நியமான பொருள் இல்லை. சர்ச் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, கல்யாண வரவேற்பு மேடை என்று அதற்கு இங்கே எப்போதும் வேலை இருக்கிறது. நாலு கார்டு கற்றுக்கொண்டால் ஒரு மாதத்தில் பாட்டுக்குப் பின்னால் வாசித்துவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். போனைத் திறந்தால் யாரோ ஒரு பத்து வயதுப் பொடியன் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் விரலை ஓட்டுகிறான். இங்கே ஒரு எஃப் கார்டைப் பிடிக்கவே விரல் வலிக்கிறது. 'நமக்கு இது வராது' என்று கிட்டார் அலமாரிக்கு மேலே ஏறிவிடுகிறது. எத்தனையோ வீடுகளில் அது இன்னும் அங்கேதான், உறைக்குள், தூசியோடு.

அந்தப் பொடியனின் வேகம்தான் பெரிய கிட்டார் கலைஞனின் அடையாளமா? உலகம் 'பெரிய ஆள்' என்று ஒப்புக்கொண்டவர்களின் கதையைப் பார்த்தால், பதில் வேறு மாதிரி இருக்கிறது.

விளக்குமாறும் ஒற்றைக் கம்பியும்

அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள் என்று அவ்வப்போது ஒரு பட்டியல் போடும். 2003-ல் போட்டது, 2011-ல் போட்டது, 2023-ல் போட்டது. பட்டியலில் மற்றவர்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். முதல் இடம் மட்டும் மாறியதில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ்.

1942-ல் சியாட்டில் நகரில் பிறந்தவர். வறுமையான வீடு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது விளக்குமாற்றைக் கிட்டார் மாதிரிப் பிடித்துக்கொண்டு வாசிப்பதாகப் பாவனை செய்துகொண்டு திரிந்த பையன். அப்பாவோடு ஒரு வீட்டில் பழைய சாமான்களை அப்புறப்படுத்தும் வேலைக்குப் போனபோது, குப்பையில் ஒரு உகுலேலி கிடைத்தது. அதில் இருந்தது ஒரே ஒரு கம்பி. அந்த ஒற்றைக் கம்பியில் காதால் கேட்ட பாட்டையெல்லாம் தேடித் தேடி வாசித்தார். பிறகு ஐந்து டாலருக்கு ஒரு பழைய கிட்டார்.

ஒரே கம்பி என்றால் கார்டு பிடிக்க முடியாது. பாட்டை வாயால் பாடுவதுபோல, ஒவ்வொரு ஸ்வரமாகக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு முதலில் காது வேலை செய்யவேண்டும், பிறகுதான் விரல். எழுதிய இசையை வாசிக்கத் தெரியாமலே உலகின் முதல் இடத்துக்குப் போன மனிதருக்கு, அந்தக் குப்பை உகுலேலிதான் முதல் வாத்தியார்.

ஹென்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். இடக்கைக்காரர்களுக்கான கிட்டார் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். 1966-ல் லண்டனுக்குப் போனார். 1970 செப்டம்பர் 18-ம் தேதி, 27 வயதில் இறந்துபோனார். நட்சத்திரமாக வாழ்ந்தது மொத்தம் நாலு வருடம். அதற்குள் மூன்றே மூன்று ஸ்டூடியோ ஆல்பங்கள்.

அந்த நாலு வருடத்தில் அவர் செய்தது என்ன? நம் ஊர்த் திருவிழா மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் 'கூ...' என்று காதைக் கிழிக்குமே, மைக்செட்காரர் ஓடிவந்து திருகைக் குறைப்பாரே, அந்தக் கூச்சலை எல்லோரும் கோளாறு என்று நினைத்தார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரிலும் அதே கூச்சல் வரும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி கம்பியை அசைக்கும், அந்த அசைவு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், அது மறுபடி கம்பிக்கு. ஹென்ட்ரிக்ஸ் அந்தக் கூச்சலைப் பழக்கிவிட்டார். ஸ்பீக்கருக்கு எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நின்றால் எந்த ஸ்வரம் கூவும் என்று அவருக்குத் தெரியும். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் விழாவின் கடைசி நாள் காலையில் அவர் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிட்டாரில் வாசித்தபோது, பாட்டுக்கு நடுவே குண்டு விழும் சத்தமும் விமானம் பாயும் சத்தமும் வந்தன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு நாட்டின் மனசாட்சியை உலுக்கிய வாசிப்பு அது. அதில் வேகம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை.

ச க ம ப நி

வேகம் இல்லையென்றால் பின் எது? இதற்கு விடை நம் வீட்டு வீணையிலேயே இருக்கிறது.

ராக் கிட்டாரின் தனி வாசிப்புகளில் பெரும்பகுதி ஐந்தே ஸ்வரங்களுக்குள் ஓடுவது. மேற்கத்திய இசைக்காரர்கள் மைனர் பென்டடானிக் என்பார்கள். அதையே நாம் ச, க, ம, ப, நி என்று பாடினால், அது சுத்த தன்யாசி ராகத்தின் ஸ்வர வரிசை. ப்ளூஸ் கலைஞர்கள் இதில் 'ம'வுக்கும் 'ப'வுக்கும் நடுவே இன்னொரு ஸ்வரத்தைச் செருகுவார்கள். நம் கணக்கில் பிரதி மத்யமம். அவ்வளவுதான் மூலதனம். இதை ஒரு வாரத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். அதே ஐந்து ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஒருவர் உலகை அழவைக்கிறார், இன்னொருவர் வாசித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

வித்தியாசம், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொரு ஸ்வரத்துக்குப் போகிற வழியில் இருக்கிறது. வீணை வாசிப்பவர் கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டிலிருந்து அடுத்தடுத்த ஸ்வரங்களைக் கொண்டுவருவார். கமகம் பிறப்பது அங்கேதான். ராக் கிட்டார்காரர்களும் இதையேதான் செய்கிறார்கள். கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினால் இறுக்கம் கூடும், சுருதி ஏறும். அவர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயர் பெண்டிங். தள்ளிய இடத்தில் நிறுத்தி, விரலை மெல்ல அசைத்தால் ஸ்வரம் நடுங்கும். அது வைப்ராட்டோ.

கேட்க எளிது. கையில் வருவது கஷ்டம். தள்ளுகிற விரல் போய்ச் சேரவேண்டிய சுருதிக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டால், மொத்தமும் அபஸ்வரம். கிட்டாரில் மெட்டு இருப்பதால் சாதாரணமாகச் சுருதி தப்பாது, ஆனால் கம்பியைத் தள்ளிய அந்த நொடியில் மெட்டு கைகொடுக்காது. காது மட்டும்தான் துணை. நல்ல வாத்தியார்கள் அதனால்தான் ஒரு பயிற்சி தருவார்கள். முதலில் போகவேண்டிய ஸ்வரத்தை அதன் மெட்டிலேயே அழுத்தி வாசித்துக் கேள், வாயால் பாடு, அப்புறம் கீழேயிருந்து கம்பியைத் தள்ளி அதே இடத்துக்கு வா. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் இதைச் செய்கிறவன், ஒரு மணி நேரம் விரலோட்டம் பழகுகிறவனைவிட முன்னால் போய்விடுவான்.

இந்த ஒரு விஷயத்திலேயே வாழ்ந்து காட்டியவர் பி.பி.கிங். கணக்குப்படி அவர் ப்ளூஸ் கலைஞர். ஆனால் ராக் கிட்டார் வாசிக்கிற எவரும் அவருக்குக் கடன்பட்டவர்தான். 1925-ல் பிறந்து 2015 வரை வாழ்ந்தவர். தனக்கு கார்டு வாசிக்க அவ்வளவாக வராது என்று அவரே சொல்லிக்கொள்வார். பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். உறவினர் ஒருவர் கண்ணாடிக் குழல் மாதிரியான ஒன்றை விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்கி வாசிப்பதைக் கேட்டு அந்த ஒலிக்கு ஆசைப்பட்டார். அது கைவராததால், வெறும் விரலை நடுங்கவைத்து அதைக் கொண்டுவரப் பார்த்தார். அந்த நடுக்கம்தான் அவருடைய கையெழுத்தாக ஆனது. ஒரே ஒரு ஸ்வரம் கேட்டாலே 'இது பி.பி.கிங்' என்று சொல்லிவிடலாம்.

அவருடைய கிட்டாருக்கு லூசில் என்று பெயர் வந்த கதை தெரியாதவர்களுக்காக: 1949 குளிர்காலத்தில் அர்க்கன்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற சிற்றூரில் ஒரு நடனக் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். குளிர்காய, பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்திருந்தார்கள். இரண்டு பேர் கட்டிப்புரண்டு சண்டைபோட்டதில் அது கவிழ்ந்து கூடமே பற்றி எரிந்தது. வெளியே ஓடிவந்த கிங், முப்பது டாலர் கிட்டார் உள்ளேயே இருப்பது நினைவுக்கு வந்து, தீக்குள் திரும்ப ஓடி அதை எடுத்துவந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றியது என்று மறுநாள் தெரிந்தது. இனி இந்த மாதிரி முட்டாள்தனம் செய்யக்கூடாது என்று தனக்கு நினைவூட்டவே கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தாராம். பிறகு வந்த கிட்டார்களுக்கும் அதே பெயர்தான்.

விரல் நுனி போன பிறகு

இரணியல் கைத்தறிக்குப் பேர்போன ஊர். அறுந்த இழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே விரல் நுனி உணர்ந்துவிடும் என்பது தறியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். கிட்டார்காரனுக்கும் விரல் நுனிதான் பிழைப்பு. அது போய்விட்டால்?

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழில் நகரம். டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. இசைக்குழுவோடு வெளியூர்ப் பயணம் போக வேலையை விட்டுவிட்டார், அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிமேல் போகவில்லை என்றிருக்கிறார். ஒத்துக்கொண்ட வேலையை முழுசாக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பினார். எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வார். அன்று வேறொருவர் வராததால், பழக்கமில்லாத இயந்திரத்தில் நிற்கவேண்டியிருந்தது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாகிவிட்டன. அயோமி இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான்.

முடிந்தது என்று உட்கார்ந்திருந்தவருக்கு, தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். நாடோடி வண்டி தீப்பற்றியதில் 1928-ல், 18 வயதில், இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போனவர். மிச்சமிருந்த இரண்டு விரலால் தனி வாசிப்பு முழுவதையும் வாசித்து, ஐரோப்பிய ஜாஸ் இசையின் பெரும் கலைஞர் ஆனவர்.

அயோமி வீட்டுக்குப் போய் பாத்திரம் துலக்கும் திரவ பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். தொப்பி மாட்டிய விரலால் தடிமனான கம்பியைத் தள்ள முடியவில்லை. அன்றைக்கு மெல்லிய கிட்டார் கம்பி கடையில் கிடைக்காது. பாஞ்சோ கம்பிகளை வாங்கிக் கட்டினார். அடுத்து, கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். தளர்ந்த கம்பியிலிருந்து வந்தது இருண்ட, கனத்த ஒரு ஒலி. அவருடைய பிளாக் சப்பாத் குழு 1970-ல் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. சுருதியை நன்றாக இறக்கிய 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' 1971-ல் வந்தது. இன்றைக்கு ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லும் இசையின் குரல் அங்கே பிறந்தது. விரல் முழுசாக இருந்திருந்தால் அவர் இன்னொரு நல்ல கிட்டார்காரர் ஆகியிருப்பார், சந்தேகமில்லை. அந்த ஒலி வந்திருக்குமா என்பதுதான் கேள்வி.

எட்டு பவுண்டு கிட்டார்

பெற்றோருக்கு இரண்டு கவலை. ஒன்று விலை, இன்னொன்று படிப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒருவர் இருக்கிறார், குயின் குழுவின் பிரையன் மே.

அவருக்கும் அந்த வயதில் ஆசைப்பட்ட கிட்டாரை வாங்கப் பணம் இல்லை. 1963-ல் அப்பாவும் மகனும் உட்கார்ந்து சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். கிட்டாரின் கழுத்து, யாரோ கழித்துப்போட்ட பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். உள்ளே பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங். மெட்டுகளுக்கு இடையில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த சிப்பிப் பித்தான்கள். செலவு எட்டு பவுண்டு. குயின் குழுவின் புகழில் பெரும்பகுதி அந்தக் கிட்டாரில் வாசித்ததுதான். வாசிக்க அவர் பயன்படுத்துவது பிளாஸ்டிக் பிக் அல்ல, ஆறு பென்னி நாணயம்.

குழு பிரபலமாவதற்கு முன் அவர் விண்ணியற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். குழு பிரபலமானதும் அதை விட்டுவிட்டு இசைக்குப் போனார். கிட்டார் செய்து கொடுத்த அதே அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை! முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 2007-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆராய்ச்சி, சூரிய மண்டலத்தில் மிதக்கும் தூசியைப் பற்றியது. 'படிப்பு என்னாகும்' என்று கேட்கும் அம்மாக்களிடம் பிள்ளைகள் சொல்ல ஏற்ற கதை. முப்பது வருடம் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவார்கள்.

விலை விஷயத்தில் ஒரு யோசனை. கருவி மலிவாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி அதிகமாக இருக்கும் கிட்டாரை வாங்கிவிடக் கூடாது. அழுத்த அழுத்த வலிக்கும், சுருதியும் சேராது. பிள்ளை இரண்டே வாரத்தில் விட்டுவிடும், பழி அதன் தலையில் விழும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

வில்லுக்குப் பின்னால் 'ஆமா' போடுபவர்

சர்ச் குழுவோ, கல்லூரிக் குழுவோ, கிட்டார் பிடித்த எல்லோருக்கும் லீட் வாசிக்கத்தான் ஆசை. பின்னால் நின்று தாளத்தோடு கார்டு வாசிக்க ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. வில்லுப்பாட்டு பார்த்து வளர்ந்தவர்கள். அங்கேயும் ஒரு கம்பிதானே, வில்லின் நாண். வீசுகோலால் அதில் அடிக்கும்போது வருவது மெட்டு அல்ல, தாளம். பக்கத்தில் குடம், உடுக்கு. புலவர் கதை சொல்லச் சொல்ல, பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடவில்லையென்றால் கதை நகராது. கொடை நடக்கும் கோயில் முற்றத்தில் நள்ளிரவிலும் ஜனம் கலையாமல் உட்கார்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தத் தாளக் கட்டு.

ராக் இசையிலும் அப்படித்தான். ஏசி/டிசி குழுவில் மேடை முழுக்க ஓடியாடி லீட் வாசித்தவர் ஆங்கஸ் யங். அவருடைய அண்ணன் மால்கம் யங், பின்னால் ஸ்பீக்கர் அடுக்கை ஒட்டி நின்று கார்டு வாசித்தவர். 2017-ல் மால்கம் இறந்தபோது, ராக் உலகம் குழுவின் முதுகெலும்பு போய்விட்டது என்றுதான் துக்கப்பட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, ஐந்து கம்பிகளை வேறு சுருதியில் வைத்து வாசிப்பவர். அவரிடம் ஓட்டம் கிடையாது. எந்த இடத்தில் அடிப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிடுவது என்பதில்தான் அவருடைய மேதைமை.

வேகத்துக்குப் பேர்போன எட்டி வான் ஹேலனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் 'இரப்ஷன்' என்ற சின்ன இசைத்துண்டில், இரண்டு கை விரல்களாலும் கம்பியைத் தட்டி வாசித்து உலகத்தை வாயடைக்கவைத்தவர். இன்றைய போன் வீடியோப் பொடியன்களின் மூதாதை அவர்தான். அவருடைய பாட்டுகளில் தனி வாசிப்பை விட்டுவிட்டு, பாடகருக்குப் பின்னால் ஓடும் கார்டுகளை மட்டும் கேட்டுப்பாருங்கள். குழுவையே தூக்கி நிறுத்துவது அந்தத் தாளம்தான். வேகம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாளம் நிற்காத வேகம், பிரேக் இல்லாத பஸ்.

நம் பக்கத்துக் கிட்டார்

தமிழர்களின் காதில் கிட்டாரை உட்காரவைத்ததில் பெரும்பங்கு இளையராஜாவுக்கு. அவரே கிட்டார்காரர். தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றவர், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப்பதக்கம் பெற்றவர், இசையமைப்பாளர் ஆவதற்கு முன் சலீல் சௌத்ரியிடம் கிட்டார் வாசித்தவர். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' பாட்டை நினைத்துக்கொண்டால், எஸ்.பி.பி.யின் குரலுக்கு முன்னாலேயே மனதில் கேட்பது ஆர்.சந்திரசேகரின் கிட்டார்தான். அது ராக் அல்ல. ஆனால் அந்தத் துவக்கத்தைச் சரியாக வாசித்துவிட்டால் தான் ஒரு கிட்டார்காரன் என்று நம்பத் தொடங்கிய பையன்கள் இரண்டு தலைமுறையாக இருக்கிறார்கள்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ஜான் மெக்லாக்ளின். 1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற குழுவை ஆரம்பித்து, ராக் கிட்டாரின் சத்தத்திலும் வேகத்திலும் உச்சத்துக்குப் போன ஆங்கிலேயர். அந்த உச்சியில் நின்றுகொண்டு அவர் செய்த காரியம், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை கற்கப் போனது! பிறகு எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' குழு. அதற்காகத் தனியாக ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். மெட்டுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய கிட்டார். விரல் மரத்தில் படாது, கம்பியை மட்டும் தொடும். வீணையில்போல இழுக்கலாம். குறுக்கே சுருதிக்கென ஏழு தனிக் கம்பிகள் வேறு. அந்தக் குழு அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல் கிராமி விருது வாங்கியது.

பின்னாளில் அதே மெக்லாக்ளினோடு உலக மேடைகளில் சரிக்குச் சரி வாசித்தவர் மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ். நம்மவர்கள் மேல்நாட்டுக் கருவி என்று தயங்கிய எலெக்ட்ரிக் மாண்டலினில் கம்பிகளை ஐந்தாக்கி, கமகத்தைக் கொண்டுவந்தவர். 2014-ல் 45 வயதில் போய்விட்டார். ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, ஐ.ஐ.டி. மெட்ராஸில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், அமெரிக்காவின் பெர்க்லி இசைக்கல்லூரிக்கும் போனவர். கர்நாடக கீர்த்தனையை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கிறார், அதே கையால் ஜாஸும் ராக்கும் வாசிக்கிறார். இரண்டிலும் கம்பி இழுக்கப்படும் விதத்தைக் கவனித்தால், எங்கே வீணை முடிகிறது, எங்கே ஹென்ட்ரிக்ஸ் ஆரம்பிக்கிறார் என்று பிரிக்கமுடியாது.

இரணியல் ஸ்டேஷனில் ரயிலேறினால் எட்டிவிடுகிற திருவனந்தபுரத்தில், 'அவியல்' குழு மலையாளத்திலேயே ராக் பாடி 2008-ல் முதல் ஆல்பம் போட்டது. கொச்சியின் 'மதர்ஜேன்' குழுவில் பைஜு தர்மஜன், ராக் கிட்டாருக்குள் கர்நாடக இசையின் வளைவுகளைக் கொண்டுவந்து பேர் வாங்கினார். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு, சத்தம் ஏற்றிய எலெக்ட்ரிக் கிட்டாரின் நீண்ட ஓலம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. இரண்டுமே கூட்டத்தைத் தாண்டிக் கேட்கப் பிறந்த குரல்கள்.

அலமாரிக்கு மேலே இருக்கும் கிட்டாரை இந்த விடுமுறையில் இறக்கினால், முதலில் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலும் துருப்பிடித்திருக்கும். குளச்சல் கடல் பக்கம்தானே, உப்புக்காற்று சும்மா விடாது. துருவேறிய கம்பியைத் தள்ளினால் விரல்தான் கிழியும், சுருதியும் நிற்காது. புதுக் கம்பி ஒரு செட் வாங்கிக் கட்டுங்கள். முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும். தினமும் வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் மேலிருந்து கீழ்வரை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து உறைக்குள் வைக்கவேண்டும். அதற்குக் கடையில் தனித் துணி விற்கிறார்கள். தாத்தாவின் பழைய கைத்தறி வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டால் அதைவிட நன்றாகவே துடைக்கும்.